தலைமை மீட்புப் பயிற்சி

துறைமுகக் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து நாற்பது டன் கண்டெய்னரை ஒரு சாண் பிசகாமல் கப்பலில் இறக்கி வைக்கிற திருமலைக்கு, உலகத்தில் பயப்படுவதற்கு இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்று, மனைவி ரேகாவுக்கு விடியற்காலையில் வருகிற மூச்சிழுப்பு. இன்னொன்று, பணம். முதல் பயம் தீர வேண்டுமானால் இரண்டாவதைக் கையில் பிடித்துப் பழக வேண்டும் என்று ஒரு நிறுவனம் அவனுக்குப் புத்தி சொன்னது. சொன்னதோடு நிற்காமல் வகுப்பும் எடுத்தது.

அத்தனை உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் பணத்தைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டால், அவன் காத்திவாக்கத்துக்காரன் என்பதுதான் பதில். அவன் அப்பா கட்டுமரத்தில் போனவர். கடலுக்குப் போகிறவன் மடியில் காசு இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆண் பிடித்து வந்து கரையில் போடுவான், பெண் விற்பாள், விற்றவள் கையில் பணம். அப்பாவுக்கு வெற்றிலைக்குக்கூட அம்மாதான் தர வேண்டும். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மகன் கட்டுமரத்தை விட்டுக் கிரேனில் ஏறியபோது வழக்கமும் கூடவே ஏணி ஏறிவிட்டது. சம்பளம் பாங்கில் விழும், கார்டு ரேகாவின் பிஸ்கெட் டப்பாவில் கிடக்கும், காலையில் அவள் தருகிற டீக்காசோடு அவன் டியூட்டிக்குப் போவான். ரேகா ராயபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். இரண்டு சம்பளத்தையும் அவளே பிரித்து, அவளே அடைத்து, பீரோவும் வாஷிங் மெஷினும் அவன் ஓட்டுகிற பைக்கும் அவளே வாங்கினாள். பைக்கின் நிறம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் அவனைக் கேட்டாள். பிடித்திருந்தது.

எண்ணூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். கொடியில் காய்கிற துணி, மூடி வைத்த சோறு, ரேகாவின் நெஞ்சு என்று அது பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றிலும் போய் உட்காரும். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்த டாக்டர் கடைசியில் வீட்டை மாற்றச் சொல்லிவிட்டார். ரேகா ஒரு மாதம் அலைந்து காலடிப்பேட்டையில் ஒரு ஃபிளாட்டைப் பிடித்தாள். இரண்டாவது மாடி, பழைய கட்டிடம், கிழக்கே ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. விற்கிறவர் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஞானபாக்கியம் அம்மாள். ரேகா தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் விற்று அட்வான்ஸ் கொடுத்தாள். தீபாவளிக்குள் மீதிப் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும், அட்வான்ஸிலும் பாதிதான் திரும்பும் என்று அந்த அம்மாள் சர்க்கரை எடை போட்டுக்கொண்டே பிரியமாகச் சொன்னார்.

கட்டிடம் பழசு என்று பாங்குகள் கையை விரித்தன. அப்படித்தான் இருவரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருந்த இல்லறஜோதி வீட்டுக் கடன் நிறுவனத்தின் படியேறினார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் முழ நீளத்தில் ஒரு பித்தளைச் சாவி, மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது. சுவரில் பெரிய படம். அதில் ஒரு மீசைக்காரர் சாவியை உயர்த்திப் பிடித்திருக்க, அவர் மனைவியும் பிள்ளைகளும் அவருடைய தோளுயரத்தில் நின்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர்கள் தினமும் காலையில் சாவிக்கு முன்னால் நின்று, 'தலைவன் இருக்கும் இல்லத்துக்கே தவணை' என்று உறுதிமொழி எடுத்தார்கள். அப்போது வாடிக்கையாளர்களும் எழுந்து நிற்க வேண்டும். திருமலை எழுந்து நின்றான். செருப்பைக் கழற்றியிருக்க வேண்டுமோ என்று காலைப் பார்த்துக்கொண்டான்.

கிளை மேலாளர் ஜெயவேல் வயதானவர், கனிவானவர். திருமலையைப் பார்த்து, வீட்டு மாதச் செலவு எவ்வளவு ஆகிறது என்று கேட்டார். திருமலை ரேகாவைப் பார்த்தான். ரேகா வாயைத் திறந்தாள். மேலாளர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க இணை விண்ணப்பதாரர்மா. எங்க நிறுவனம் பெண்களை ரொம்ப மதிக்குது. அதனாலதான் அவங்களை ஒரு கேள்விகூட கேட்டுத் தொந்தரவு பண்றதில்ல. உங்க சம்பளச் சீட்டு மட்டும் போதும்."

பிறகு அவர் திருமலையை அரிசி என்ன விலை, கரண்டு பில் எந்தத் தேதி, கேஸ் புக் எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாக் கேள்விக்கும் திருமலை "கீது சார்" என்றே பதில் சொன்னான். ஜெயவேல் வருத்தத்தோடு சிவப்புப் பேனாவை எடுத்து, 'தலைமை ஐயத்துக்குரியது' என்று எழுதினார்.

ரேகா பதறவில்லை. வெளிநாட்டுக்காரனிடமே இறால் கணக்குப் பேசி ஜெயிக்கிறவள். அப்படியானால் தன்னையே முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள், தனக்கும் சம்பளம் வருகிறதே என்றாள்.

"தாராளமா போடலாம்மா," என்றார் ஜெயவேல். "எங்ககிட்ட ஆண் பெண் பேதமே கிடையாது. ஆனா கணவர் ஏன் தலைவரா இல்லைங்கிற கட்டத்தை நிரப்பணும். இறந்துட்டார், காணாமப் போயிட்டார், ஓடிப் போயிட்டார், சித்த சுவாதீனம் இல்ல. இந்த நாலுல உங்களுக்கு எது வசதி?"

திருமலை நான்கையும் நிதானமாக யோசித்துப் பார்த்தான். செத்துப்போக முடியாது, நாளைக்கு டியூட்டி இருக்கிறது. காணாமல் போனால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். ஓடிப்போவது ரேகாவுக்குக் கேவலம். நான்காவதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், அது வந்தால் கிரேனில் ஏற்ற மாட்டார்கள்.

"ஆளு உயிரோட வூட்ல தான் கீறாரு, எனக்கு அவர் மேல நம்பிக்கையும் கீது, அவருக்கு எம்மேல நம்பிக்கையும் கீதுன்னு ஒரு கட்டம் இல்லியா சார்?" என்று கேட்டாள் ரேகா.

ஜெயவேல் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே தேடினார். "அந்த மாதிரி கேஸ் இதுவரைக்கும் வந்ததில்லம்மா," என்றார்.

ஆனாலும் அவர் கருணையுள்ளவர், மறுக்கவில்லை. வீட்டுக்கு ஆளனுப்பி நேரில் தலைமையை ஆராயச் சொல்வதாகச் சொன்னார். அப்படி வந்தவர்தான் தலைமை ஆய்வாளர் பீம்ராவ்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்குள் ரேகா வீட்டைத் தயார் செய்தாள். பீரோச் சாவியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்துத் திருமலையின் அரைஞாணில் கட்டினாள். கை வைத்த ஒரே நாற்காலியில் அவனை உட்கார வைத்து, டீவி ரிமோட்டைக் கையில் கொடுத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்படியில் நின்றாள். திருமலை அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் அசையவில்லை. பீம்ராவ் கறுப்புக் கண்ணாடியோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, நாற்காலியையும் ரிமோட்டையும் பார்த்துத் தலையாட்டி, பீரோவைத் திறக்கச் சொன்னார்.

திருமலை சாவியைப் போட்டுத் திருகினான். அந்தப் பீரோவின் கதவை முழங்காலால் லேசாகத் தூக்கிக்கொடுத்தால்தான் பூட்டு வழிக்கு வரும். அது அவனுக்குத் தெரியாது. அவன் வியர்க்க வியர்க்கத் திருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ரேகா பொறுக்காமல் இரண்டடி எடுத்து வைத்தாள். அவள் முழங்கால் தானாகவே போய்க் கதவில் இடித்தது, பீரோ திறந்துகொண்டது. பீம்ராவ் நோட்டில் 'சாவி: கணவருடையது. முழங்கால்: மனைவியுடையது' என்று எழுதினார்.

இதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அக்கம்பக்கத்திலும் விசாரிக்க வேண்டும் என்று பீம்ராவ் வெளியே வந்தார். பக்கத்து வீட்டு அங்கம்மா கருவாடு விற்கிறவள், திருமலையைப் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்தவள். லோன் விஷயம் என்று ரேகா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், தனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"தங்கமான புள்ள சார்," என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒத்த ரூபா தன் கையில வெச்சிகினது கெடியாது. சம்பளம் வந்துச்சின்னா அப்டியே பொண்டாட்டியாண்ட குட்துருவான். இந்தத் தெருவுலயே இவன மாதிரி ஒரு ஆம்பள கெடியாது."

காத்திவாக்கத்தில் ஒரு ஆண்மகனுக்கு இதற்கு மேல் சர்டிபிகேட் கிடையாது. திருமலைக்கே கூச்சமாகத்தான் இருந்தது. பீம்ராவ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் கேட்பதுபோலத் தணிந்த குரலில், இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"இவங்கப்பனும் இப்டித்தான் சார்," என்றாள் அங்கம்மா பெருமையாக.

'பரம்பரை' என்று எழுதிக்கொண்டார் பீம்ராவ்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை, குறை குணப்படுத்தக்கூடியதே, சனிக்கிழமைகளில் நடக்கும் தலைமை மீட்புப் பயிற்சிக்கு வரவும், கட்டணம் கடனோடு சேர்த்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. ரேகா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, திருமலை இன்ஹேலரைத் தேடி ஓடினான். அவள் மூச்சு திரும்பி வரும்வரை அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான். மறு சனிக்கிழமை வகுப்பில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது அவன்தான்.

வகுப்பில் ஒரு இருபது ஆண்கள் இருந்தார்கள். கம்பெனிக்காரர்கள், லாரிக்காரர்கள், விசைப்படகு ஓட்டுகிற ஒருவர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படகுக்காரர் மட்டும் திருமலையின் காதருகே வந்து, "கேஸ் புக்கு எங்க கீதுன்னு கேட்டாங்கோ நைனா, அதுல மாட்டிகினேன்," என்றார்.

பீம்ராவ் மேடை ஏறினார்.

"பணத்தைப் பத்தி மனைவி எது கேட்டாலும் முதல்ல தொண்டையைச் செருமணும்," என்று ஆரம்பித்தார். "செருமுறப்ப யோசிக்க நேரம் கிடைக்கும். யோசிக்கணும்னு கட்டாயமில்ல, யோசிக்கிற மாதிரி தெரிஞ்சா போதும். அப்புறம் ஒரே வார்த்தை. பார்க்கலாம். தரமாட்டேன்னு சொன்னா சண்டை வரும். தரேன்னு சொன்னா தலைமை போயிடும். பார்க்கலாம்னு சொல்லிட்டா அவங்க உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்தப் பார்வை இருக்கு பாருங்க, அதுதான் தலைமை."

எல்லோரும் செருமிப் பழகினார்கள். கீழே பிரியாணிக் கடைக்காரர் மேலே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தண்ணீர் கொடுத்தனுப்பினார். பீம்ராவ் தன்னையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். போன வருஷம் மீஞ்சூர்ப் பக்கம் அவர் ஒரு மனை வாங்கினாராம்.

"வீட்ல ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கல. ஒரு நிமிஷத்துல முடிவு எடுத்தேன். இப்ப அதுல இடுப்பளவு தண்ணி நிக்குது. கொக்கு வருது. என் மனைவி என்னோட பேசறதில்ல, பையன் போனை எடுக்கறதில்ல. ஆனா முடிவு யாரோடது? என்னோடது."

பலத்த கைதட்டல். திருமலையும் தட்டினான். கிரேனில் உட்கார்ந்து கீழே பார்க்காமல் ஒரு பெட்டியை விட்டுவிட்டு, விட்டது நான்தான் என்று மார்தட்டுகிற ஆளை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுப்பாடமும் உண்டு. தக்காளி கால் கிலோ வாங்கவா, அரைக் கிலோ வாங்கவா என்று ரேகா பொதுவாகக் கேட்டுக்கொண்டே பையை எடுத்தபோது அவன் தொண்டையைச் செருமினான். ரேகா பையை வைத்துவிட்டுப் போய் மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவன் மறு பேச்சுப் பேசாமல் குடித்தான். தொண்டைக்கு இதமாக இருந்தது.

பயிற்சியின் முடிவில் செய்முறைத் தேர்வு. அதற்குத் 'தனித் தீர்மானக் கொள்முதல்' என்று பெயர். தலைவர் பெரிய பொருளாக ஒன்றை மனைவியைக் கேட்காமல் வாங்க வேண்டும். பொருள் வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் மனைவிக்குத் தெரிய வேண்டும். அப்போது மனைவியின் முகத்தைப் பீம்ராவ் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார். திருமலை பயந்துகொண்டே எழுந்து, தன்னிடம் காசு இல்லையே, ரேகாவிடம் கேட்டால்தானே கிடைக்கும் என்றான். நிறுவனம் அதையும் யோசித்து வைத்திருந்தது. 'தலைமைக் கடன்' என்று ஒன்று உடனே கிடைக்கும், அது வீட்டுக் கடனோடு சேரும். பொருளை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் பக்கத்துக் கட்டிடத்து ஷோரூம் பில் மட்டும்தான் செல்லும். ஷோரூம் ஜெயவேலின் மைத்துனருடையது. அது தற்செயல் என்று ஜெயவேலே விளக்கினார்.

ஷோரூமுக்குள் கால் வைத்த திருமலை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் கதவுகள், பொத்தான்கள், விலைச் சீட்டுகள். ஒரு வாஷிங் மெஷினின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அவனே பயந்தான். பின்பக்கம் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ரேகாவுக்குப் போன் செய்தான்.

"ரேகா, உன்ன கேக்காம ஒரு பொருள் வாங்கணும். இன்னா வாங்கட்டும்?"

ரேகா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். விவரம் தெரிந்தவள், வாய்ப்பை விடுவாளா. ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது, ஒற்றைக் கதவு போதும், ஸ்டெபிலைசர் இலவசமாகக் கேள், தராவிட்டால் வெளியே வருகிறமாதிரி இரண்டடி நட என்று சொன்னாள். அவன் இரண்டடி நடந்தான். ஸ்டெபிலைசர் கிடைத்தது.

ஃபிரிட்ஜ் வண்டியிலிருந்து இறங்கியபோது ரேகா வாசலில் நின்று திகைப்பைக் காட்டினாள். முதல் தடவை சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவை அங்கம்மா சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை ரேகா நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை அகல விரித்தாள், பீம்ராவ் படம் எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. ஸ்டெபிலைசர் கேட்டுப் பேரம் பேசியதில் பெண் ஆலோசனை தெரிகிறதாம். படத்தைப் பற்றி, 'மனைவியின் கண்ணில் போதிய பயம் இல்லை' என்று தனியாக ஒரு வரி இருந்தது. மறு தேர்வுக்கு வேறு பொருள் வாங்க வேண்டும். ஃபிரிட்ஜின் தவணை அதன் பாட்டுக்குத் தொடரும்.

இதற்குள் தீபாவளி நெருங்கிவிட்டது. ஞானபாக்கியம் அம்மாள், இன்னொரு ஆள் ஃபிளாட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் காற்று மேற்கிலிருந்து அடித்தது. ஒரு நாள் விடிகிற நேரத்தில் ரேகாவுக்கு இன்ஹேலருக்கும் அடங்காத இழுப்பு வந்தது. திருமலை அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடி ஆட்டோ பிடித்தான். அவள் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே போன அந்தப் பயணத்தில் அவன் குலதெய்வத்திடம் பேரம் எதுவும் பேசவில்லை. எப்படியாவது பாஸ் பண்ணிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

ரேகா தேறி வீடு திரும்பியதும் அவன் மறு தேர்வுக்கு ஷோரூம் போனான். இந்த முறை அவன் போனைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விற்பனையாள் அவனைத் "தலைவரே" என்று கூப்பிட்டு, நேராக ஒரு மசாஜ் நாற்காலிக்கு அழைத்துப் போனான். கறுப்புத் தோல், உள்ளே ஏதோ உருள்கிறது, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடுகிற அகலம். விலையைக் கேட்டதும் திருமலை போனைத் தேடிப் பையைத் தடவினான். இதை ரேகா பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தான். உடனே, அவளைத்தான் கேட்க முடியாதே என்று ஞாபகம் வந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பணத்தின் மேல் இருந்த அந்தப் பயத்துக்கு அடியில், எங்கேயோ ஒரு மூலையில், துளி இனிப்பாக இருந்தது. அதைப் பற்றி அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நாற்காலி வீட்டு வாசலில் நுழையவில்லை. தெருவிலேயே கிடந்தது. ஒரு மணி நேரத்தில் அங்கம்மா அதன் மேல் கருவாடு காயப்போட்டாள். ரேகா வேலையிலிருந்து வந்து, அதைப் பார்த்து, பில்லை வாங்கிப் படித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க தோணலியா உனக்கு?" என்றாள்.

அவள் வருகிறவரை காத்திருந்த பீம்ராவ் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "வருத்தம்தான் தூக்கலா இருக்கு, பயம் கொஞ்சம்தான்," என்றார். "பரவாயில்ல, பாஸ் போட்டுடறேன். மீதி தானா வரும்."

தேர்வுக்காகத்தானே வாங்கினேன் என்று திருமலை அன்று முழுதும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் விழா எடுத்துச் சாவி கொடுத்தார்கள். பித்தளைச் சாவியைத் திருமலை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிக்க, ரேகா தோளுயரத்தில் நிற்க வேண்டும். அவள் கொஞ்சம் உயரம், அதனால் முழங்காலை மடக்கி நின்றாள். ஜெயவேல் நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"வீடு அவர் பேர்ல. தவணை ரெண்டு பேர் சம்பளத்துல. இதைத்தான் எங்க நிறுவனம் சமத்துவம்னு சொல்லுது."

ஒரே ஒரு நிபந்தனை. சம்பளக் கார்டு தலைவரின் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பீம்ராவ் வந்து பார்ப்பார். இல்லையென்றால் மொத்தக் கடனையும் ஒரே தவணையில் திருப்ப வேண்டும். ரேகா வீட்டுக்கு வந்து பிஸ்கெட் டப்பாவைத் திறந்து கார்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அந்த ஆள் வருகிற அன்று பையில் இருந்தால் போதும், மற்ற நாளெல்லாம் வழக்கம்போலத் தன்னிடம் கொடுத்துவிடு என்றாள். அவன் சரி என்றான். மனதாரத்தான் சொன்னான்.

காலடிப்பேட்டை வீடு நன்றாக இருந்தது. நாற்காலியைத் திருமலையே கீழே நின்று கை காட்டிக் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினான். அதில் மட்டும் யாரும் அவனுக்குப் பயிற்சி தர வேண்டியிருக்கவில்லை. கிழக்கு ஜன்னல் காற்றில் ரேகா நடுவில் எழாமல் தூங்கினாள். ஒரு வாரம் அவன் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். அது சீராக இருந்தது. ஒரு பயம் தீர்ந்துவிட்டது.

மாசம் பிறந்து சம்பளம் விழுந்த செய்தி அவன் போனுக்கு வந்தது. முன்பெல்லாம் அது ரேகாவின் போனுக்குத்தான் வரும். ரேகாவின் சம்பளத்தைத் தவணைகள் அப்படியே விழுங்கிவிட்டன. அவன் டியூட்டி முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அது முதுகில் உருட்டிக்கொண்டிருந்தது. ரேகா வேலையிலிருந்து வந்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அவனைப் பார்க்காமலேயே, கல்யாணமான நாளிலிருந்து நீட்டுகிறமாதிரி, கையை நீட்டினாள்.

"கார்ட குடு. ஞானபாக்கியம்மா கடையில மாசச் சாமான் சொல்லணும். இன்ஹேலரு தீந்துகினு வருது, அத்தயும் வாங்கிடறேன்."

திருமலையின் கை சட்டைப்பைக்குள் போனது. கொடுப்பதற்காகத்தான் போனது. கார்டு விரலில் பட்டதும் தொண்டையில் என்னவோ அடைத்தது. அதைச் சரிசெய்யத்தான் செருமினான். செருமியதும், வகுப்பில் நூறு தடவை சொன்ன பழக்கத்தில், அடுத்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

"பாக்கலாம்."

ரேகா சிரித்தாள். "இன்னா, மொளகுப் பாலு வேணுமா?" என்றாள். கை நீட்டியபடியே இருந்தது.

அவனும் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்துவிட்டுக் கார்டைக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். தன் குரலைக் கேட்டு அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். ஆனால் ஷோரூமில் பயத்துக்கு அடியில் இருந்த அந்தத் துளி இனிப்பு இப்போது மேலே வந்திருந்தது. கார்டைப் பிடித்திருந்த கை பையைவிட்டு வெளியே வரவில்லை. நாற்காலி மட்டும் அவன் முதுகில் உருட்டிக்கொண்டே இருந்தது.

ரேகாவின் சிரிப்பு நின்றது. நீட்டிய கையை அவள் மெதுவாக மடக்கிக்கொண்டாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது, அவள் திரும்பவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பீம்ராவ் பக்கத்தில் இல்லை, படம் எடுக்கவும் ஆளில்லை. அவள் கண்ணில் போதிய பயம் இருந்தது.